உஷார்! தோலில் ஒன்றும் இல்லை, ராத்திரி முழுக்க அரிப்பு

உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறதா? தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை, தொட்டுப் பார்த்தால் தோல் சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாயங்காலம் மெல்ல ஆரம்பித்து, விளக்கை அணைத்துப் படுத்ததும் தாங்க முடியாமல் போகிறதா? இரண்டு மூன்று வாரமாக இப்படியே நீடிக்கிறது என்றால் உப்புத் தண்ணியைக் குறை சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் கல்லீரலைச் சோதித்துப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ராமநாதபுரம், ராமேஸ்வரம் கரையில் இருப்பவர்களுக்கு இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே அரிப்புக்குக் காரணம் தேடி யாரும் அலைவதில்லை. ஊர் முழுக்கக் காரணம் கிடக்கிறது. கடலில் இறங்கினால் சொறி மீன் பட்டு உடம்பு தடிக்கும். பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகிற பெண்கள் விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டுதான் பாறையில் கை வைக்கிறார்கள்; அவர்கள் கை எந்நாளும் எரிந்துகொண்டுதான் இருக்கும். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் நிற்கிறவர்களுக்குக் கால் வெடிப்பு. சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போடுகிறவர்களுக்கு முள்ளும் கரித்தூளும். பங்குனி பிறந்தால் வேர்க்குரு. போர் தண்ணியில் குளித்தால் தோல் வறண்டு வெளுத்துப் போகும். இவ்வளவும் போதாதென்று வீட்டில் பெரியவர்கள் வேறு, "கணவா தின்னியா, கருவாடு தின்னியா, அதான் கிரந்தி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

இவற்றில் பலவும் நிஜமான அரிப்புகள்தான். அதனால்தான் ஆபத்து. இத்தனை அரிப்புக்கு நடுவே கல்லீரலில் இருந்து கிளம்பும் அரிப்பும் சத்தமில்லாமல் கலந்துவிடுகிறது. சிலருக்கு வருஷக்கணக்கில் அது வெளியே தெரிவதே இல்லை.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? சொறி மீன் பட்டதோ வேர்க்குருவோ என்றால் பட்ட இடத்தில் அடையாளம் இருக்கும், சில நாளில் அடங்கும். சிரங்கு என்றால் அதுவும் ராத்திரியில்தான் அதிகம் அரிக்கும். ஆனால் விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் சின்னச் சின்னப் பொரி தெரியும். வீட்டில் இன்னும் இரண்டு பேராவது சொறிந்துகொண்டிருப்பார்கள். கல்லீரல் அரிப்பு ஒரே ஆளை மட்டும் பிடிக்கும். உள்ளங்கை, உள்ளங்காலில் தொடங்கி உடம்பெல்லாம் பரவலாம். உஷ்ணம் கூடினால் கூடும். அடுப்படியில் நின்றால் கூடும். நைலான் சேலை பட்டால் கூடும். எவ்வளவு சொறிந்தாலும் தீராது. தோலில் பிறகு தெரிவதெல்லாம் நகம் போட்ட கோடுகளும், காய்ந்த ரத்தமும், மாசக்கணக்கில் சொறிந்து கறுத்துத் தடித்த திட்டுகளும்தான்.

ஒரு அடையாளத்தைச் சொல்கிறேன், பக்கத்தில் நின்று பாருங்கள். நாள்பட இப்படி அரித்துக்கொண்டிருக்கிறவரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். தோள்பட்டை கறுத்திருக்கும், இடுப்பு கறுத்திருக்கும், விலாப்பக்கம் கீறல் கீறலாக இருக்கும். நடு முதுகில் மட்டும், இரண்டு கையும் எட்டாத அந்த இடத்தில், தோல் பழைய நிறத்திலேயே பளிச்சென்று கிடக்கும். சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் இந்தத் திட்டை மருத்துவ நூல்களே குறித்து வைத்திருக்கின்றன. தோல் நோய் என்றால் கை எட்டாத இடத்தையும் அது விட்டு வைக்காது. இங்கே தோலில் நோயே இல்லை. கை போன இடமெல்லாம் காயம், போகாத இடம் சுத்தம்.

உள்ளே நடப்பது இதுதான். கல்லீரல் சுரக்கும் பித்தநீர் நாளங்கள் வழியாகக் குடலுக்குப் போய்ச் சேர வேண்டும். நாளங்கள் அழற்சியால் சுருங்கினாலோ, கல் அடைத்தாலோ, கட்டி அழுத்தினாலோ, மருந்தின் விஷம் கல்லீரலைப் பாதித்தாலோ பித்தம் தேங்கும். அப்போது பித்த அமிலங்களும் வேறு சில பொருள்களும் ரத்தத்தில் ஏறி நரம்பு நுனிகளைத் தூண்டுகின்றன. கொசு கடித்தால் வருகிற அரிப்புக்குக் காரணமான ஹிஸ்டமின் இங்கே முக்கிய ஆள் இல்லை. அதனால்தான் அலர்ஜி மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது, அரிப்பு போவதில்லை.

இந்த அரிப்போடு அதிகம் பேசப்படுகிற நோய் பி.பி.சி. கல்லீரலுக்குள் இருக்கும் நுண்ணிய பித்த நாளங்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கி அழிக்கிற நோய் இது. 1851லேயே அடிசன், கல் என்ற இரண்டு ஆங்கில மருத்துவர்கள் இதை எழுதி வைத்துவிட்டார்கள். பாதிக்கப்படுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "ஈரல் கெட்டுப்போச்சு" என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் ஊர் பேசுகிற பேச்சு நமக்குத் தெரியும். அந்தப் பேச்சுக்குப் பயந்தே ரிப்போர்ட்டை அலமாரியில் மறைத்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். முன்பு இந்த நோயின் பெயரிலேயே 'சிரோசிஸ்' என்ற சொல் இருந்தது. பலருக்குக் கல்லீரல் சுருங்கும் கட்டமே வருவதில்லை என்பதாலும், அந்தச் சொல் நோயாளிகளுக்குக் குடிகாரப் பட்டம் வாங்கிக் கொடுத்ததாலும் 2015இல் பெயரையே மாற்றினார்கள். சுருக்கப் பெயர் மட்டும் பி.பி.சி. என்றே நிற்கிறது.

நம் நாட்டில் இந்த நோய் குறைவாகவே பதிவாகிறது. பதிவு குறைவு என்பதற்காக இல்லவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அதோடு ஹெபடைட்டிஸ் சி, பித்தப்பைக் கல் நழுவி நாளத்தில் மாட்டிக்கொள்வது, கணையத்தின் தலைப்பகுதியில் வரும் கட்டி என்று பித்தத்தைத் தேக்கும் காரணங்கள் வேறு பல இருக்கின்றன. அரிப்போடு சிறுநீர் கட்டன் டீ நிறத்துக்கு மாறி, மலம் வெளுத்து, எடையும் இறங்கினால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

"கண்ணு மஞ்சளா இல்லியே, அப்புறம் என்ன ஈரல்?" இந்தக் கேள்விதான் பலரைக் கவிழ்த்தது. காமாலை வருவதற்கு மாசங்களுக்கு முன்னே, ஏன் வருஷங்களுக்கு முன்னேகூட அரிப்பு வந்துவிடலாம். பிலிருபின் அளவு அப்போது ஒழுங்காகவே இருக்கும். ஆகவே ரத்தப் பரிசோதனைக்குப் போனால் "காமாலை இருக்கா" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். கல்லீரல் சோதனை முழுமையாக, எல்.எஃப்.டி. என்று சொல்லி எடுங்கள். அதில் அல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற வரியைக் காட்டிக் கேளுங்கள், ஜி.ஜி.டி.யும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இவை இரண்டும் உயர்ந்திருந்தால் பித்தம் தேங்குகிறது என்று பொருள். அடுத்து வயிற்று ஸ்கேன். அதில் அடைப்பு இல்லை என்றால் ஏ.எம்.ஏ. என்ற எதிர்ப்பொருள் சோதனை, பி.பி.சி. இருக்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இது பாசிட்டிவாக வரும். கூடவே சர்க்கரை, கிரியாட்டினின், தைராய்டு, ரத்த எண்ணிக்கை ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். சிறுநீரகம் பழுதானாலும் இப்படி அரிக்கும், இரும்புச் சத்து குறைந்தாலும் அரிக்கும்.

இனி மருந்துக்கடை. "அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க" என்றால் கிடைப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த களிம்பு. இரண்டு நாள் சுகமாக இருக்கும். மாசக்கணக்கில் தடவினால் தோல் காகிதமாக மெலிந்து, படர்தாமரை அடங்காத வகையாக மாறும். கல்லீரல் நோய் மட்டும் அப்படியே இருக்கும். அதைவிட மோசம், சீட்டு இல்லாமல் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற செட்டு மாத்திரை. அதில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் இருந்தால் ஏற்கெனவே கல்லீரல் சுருங்கத் தொடங்கியவரை ரத்தக்கசிவு வரைக்கும் கொண்டுபோய் விடும். தூங்க வைக்கிற அலர்ஜி மாத்திரையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கல்லீரல் நோய் முற்றியவருக்கு மூளை மந்தமாவது நோயின் அறிகுறி. அதை மாத்திரை மயக்கம் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் அவர் கோமாவை நோக்கிப் போய்க்கொண்டிருப்பார்.

நாட்டு மருந்து பக்கமும் உஷார். கீழாநெல்லி குடித்துக் காமாலை போனது என்று சொல்கிறவர்களின் அனுபவம் பொய் இல்லை. அசுத்தத் தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் ஓய்வெடுத்தாலே தானாக வடிந்துவிடும். பேர் கீழாநெல்லிக்குப் போய்விட்டது. நாளத்தில் அடைப்பு இருக்கிறவர் அதே நம்பிக்கையில் மூன்று மாசம் உட்கார்ந்துவிட்டால் நிலைமை வேறு. எதிர்ப்புச் சக்தி என்று கொரோனா காலத்தில் சீந்தில் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். அமுக்கரா மாத்திரையால் பித்தம் தேங்கிக் கடுமையாக அரிப்பு வந்ததும் பதிவாகியிருக்கிறது. ஜிம்முக்குப் போகிற தம்பிகளே, தசைக்கு என்று எடுக்கிற ஸ்டீராய்டும் இதையே செய்யும். காமாலையும் மாசக்கணக்கான அரிப்பும் வரும். டாக்டரிடம் போகும்போது நீங்கள் சாப்பிடுகிற எல்லாவற்றையும், லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். காமாலைக்குச் சூடு போடுகிறவரிடம் மட்டும் தயவுசெய்து பிள்ளையைக் கொண்டு போகாதீர்கள்.

கர்ப்பிணிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு ஏழு மாசத்துக்கு மேல் உள்ளங்கை, உள்ளங்கால் அரித்தால் "பிள்ளைக்கு முடி முளைக்குது" என்று சொல்லி மருதாணி அரைத்து வைத்துவிடுகிறோம். வயிறு விரிந்து லேசாக அரிப்பது வேறு. தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் காலும் ராத்திரியில் அரிப்பது கர்ப்பகாலப் பித்தத் தேக்கமாக இருக்கலாம். தாய்க்குத் தொந்தரவு பெரும்பாலும் அரிப்புதான். ஆபத்து வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு. ரத்தத்தில் பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டால் பிள்ளை உள்ளேயே இறந்துவிடும் அபாயம் கூடுகிறது. அளவைப் பார்த்துத்தான் பிரசவத்தை எந்த வாரம் வைத்துக்கொள்வது என்று டாக்டர் முடிவு செய்வார். அதனால் அடுத்த செக்கப் வரட்டும் என்று இருக்காதீர்கள். மறுநாளே நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு அரிப்பு அடங்கிவிட வேண்டும். ஆறு வாரம் தாண்டியும் நீடித்தால் அது வேறு நோயாக இருக்கலாம். அடுத்த கர்ப்பத்திலும் இது திரும்பி வரக்கூடும், மறந்துவிடாதீர்கள்.

நோய் உறுதியானவர்களுக்கு இனி.

முதலில் ஒரு உண்மை. அரிப்பின் கடுமைக்கும் கல்லீரலின் சேதத்துக்கும் நேர்க் கணக்கு கிடையாது. கல்லீரல் ஓரளவு நன்றாக இருக்கும்போதே ஒருவரைத் தூங்கவிடாமல் அடிக்கும். இன்னொருவருக்குக் கல்லீரல் சுருங்கியும் அரிக்காது. ஆகவே "ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு, மனசுல நினைச்சு நினைச்சு அரிக்குது" என்று வீட்டில் யாரும் சொல்லாதீர்கள். பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும் ஒரு எண் போட்டு, ராத்திரி எத்தனை, பகல் எத்தனை என்று காலண்டரில் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். "அரிக்குது சார்" என்று சொன்னால் கடந்து போகிறவர்கள்கூட "ராத்திரி ஒன்பது சார், ஒரு மாசமா" என்றால் பேனாவை எடுப்பார்கள்.

பி.பி.சி.க்கு அடிப்படை மருந்து உர்சோ. அது கல்லீரலைக் காக்கும்; அரிப்பை அடக்கும் என்று நம்ப முடியாது. அதனால் "அரிப்பு போகல" என்று உர்சோவை நிறுத்திவிடாதீர்கள். அரிப்புக்குத் தனி மருந்து உண்டு, அதையும் படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள். முதலில் கொலஸ்டிரமின் தூள். மணல் மாதிரி நறநறக்கும். தண்ணீரிலோ பழச்சாற்றிலோ கலந்து சற்று ஊறவிட்டுக் குடிக்க வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குடித்தால் பலன் அதிகம், ஏனென்றால் ராத்திரி முழுக்கப் பித்தப்பையில் சேர்ந்த பித்தம் அப்போதுதான் இறங்குகிறது. இந்தத் தூள் பித்த அமிலத்தை மட்டுமா பிடிக்கும்? உர்சோவையும் தைராய்டு மாத்திரையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்காததாலேயே உர்சோ வேலை செய்யாமல் போகிறவர்கள் உண்டு.

தூள் போதாதவர்களுக்கு அடுத்து வருகிற மருந்துகளில்தான் குடும்பமே மிரண்டுவிடுகிறது. ரிஃபாம்பிசின் எழுதிக் கொடுத்தால் "எங்கம்மாவுக்கு டிபி இல்லியே" என்று தூக்கிப் போடுகிறார்கள். நால்ட்ரெக்சோன் என்றால் அது குடியை நிறுத்துகிற மாத்திரை என்று கடைக்காரர் சொல்லிவிடுவார். பர்தா போட்ட பெண்மணி கூனிக் குறுகித் திரும்புவார். செர்ட்ராலின் என்றால் மனநோய் மாத்திரை. மூன்றும் அந்த நோய்களுக்கும் உரியவைதான். கல்லீரல் அரிப்புக்கும் இவற்றைத்தான் உலகம் முழுக்கக் கொடுக்கிறார்கள். தப்பான சீட்டு என்று நினைத்து நிறுத்தாதீர்கள். அதே நேரம் நீங்களாக வாங்கியும் போடாதீர்கள். ரிஃபாம்பிசினால் சிறுநீரும் கண்ணீரும் செம்மஞ்சளாகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அதுவே சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கும் என்பதால் சொன்ன நாளில் ரத்தம் கொடுத்தே ஆக வேண்டும். கர்ப்பத்தடை மாத்திரையின் வேலையையும் அது குலைக்கும். நால்ட்ரெக்சோன் போடுகிறவர் டிராமடால் போன்ற வலி மருந்தைத் தொடக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதை விடுங்கள். அந்த நேரச் சுகத்துக்குப் பிறகு இரட்டிப்பாக அரிக்கும். கடலில் இறங்கினாலோ தீர்த்தமாடினாலோ, குடம் தண்ணீர் விலைக்கு வாங்கினதாக இருந்தாலும், ஒரு சொம்பாவது நல்ல தண்ணீரை உடம்பில் ஊற்றித் துடைத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். அரிக்கும்போது நகத்தால் கீறுவதைவிட உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பதோ ஈரத் துணியைச் சுற்றுவதோ நல்லது. சீப்பு, தேங்காய் நார், கயிற்றுக் கட்டில் விளிம்பு என்று கிடைத்ததில் எல்லாம் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் திட்டாதீர்கள். எழுந்து போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வந்து காலை நனைத்துவிடுங்கள்.

தூக்கம் போய், வேலை போய், "செத்துப் போனாத் தேவலை" என்று ஒருவர் சொன்னால் அதை அலுப்பில் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த அரிப்பு ஆளை அந்த விளிம்புக்குத் தள்ளக்கூடியது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணிலும் 104இலும் தமிழிலேயே பேசலாம். எந்த மருந்துக்கும் அடங்காத அரிப்புக்கு, கல்லீரல் செயலிழக்காவிட்டாலும்கூட, கல்லீரல் மாற்று அறுவையைப் பரிசீலிக்கலாம் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட விதி. அந்த அளவுக்கு இது நிஜமான வேதனை.

ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. ஆரம்பச் சோதனைகளுக்குப் பாம்பன் பாலம் தாண்டி அங்கே வந்தால் போதும். கல்லீரல் நிபுணரைப் பார்க்க மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. அறுவை வரைக்கும் போனால் சென்னை ஸ்டான்லியில் செய்கிறார்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் அதற்கு இடம் இருக்கிறது. காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் உடம்பு சரியாக இருக்கும்போதே கலெக்டர் ஆபீஸில் விசாரித்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் நாள் கணக்கு. பிறந்து இரண்டு வாரத்துக்கு மேல் கண் மஞ்சள் வடியாமல், மலம் வெள்ளைச் சுண்ணாம்பாகப் போனால் பித்தநாளம் அடைபட்டுப் பிறந்த பிள்ளையாக இருக்கலாம். அதற்கான அறுவையை அறுபது நாளுக்குள் செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும். "வெயில்ல காட்டு, சரியாப் போயிடும்" என்று சொல்லிச் சொல்லியே அந்த அறுபது நாளும் ஓடிவிடுகிறது. இந்த நோயோடு பிறந்த காஞ்சிபுரத்துக் குழந்தைக்குத்தான் 1998 நவம்பரில், 20 மாத வயதில், அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை வைத்து டெல்லி அப்போலோவில் மாற்று அறுவை நடந்தது. இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அது. அந்தப் பிள்ளை வளர்ந்து இன்று டாக்டர். சொந்தத்தில் கல்யாணம் செய்த வீடுகளில், மஞ்சளே அதிகம் தெரியாமல், ரத்தம் வரச் சொறிந்துகொண்டு, வளர்த்தியும் குறைந்திருக்கிற பிள்ளை இருந்தால் தோல் டாக்டரோடு நிற்காமல் குழந்தைகள் கல்லீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். மரபுவழி வரும் பித்தத் தேக்க நோய்கள் இப்படித்தான் தலைகாட்டும்.

கடைசியாக, விடியும் வரை காத்திருக்கக் கூடாத நிலைமைகள். அரிப்பும் காமாலையும் இருக்கிறவருக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து வலது விலாவுக்குக் கீழே வலித்தால் அடைபட்ட பித்தநாளத்தில் சீழ் பிடித்திருக்கலாம். பேச்சு குழறி, ஆள் தடுமாறி, பகலில் தூங்கி ராத்திரி விழித்திருந்தால் மூளைக்கு விஷம் ஏறுகிறது. ரத்த வாந்தியோ தார் மாதிரிக் கறுத்த மலமோ போனால் உள்ளே ரத்தக்குழாய் உடைந்திருக்கலாம். இந்த மூன்றில் எது நடந்தாலும் அந்த நிமிஷமே 108ஐக் கூப்பிடுங்கள். தங்கச்சிமடத்திலோ தொண்டியிலோ எந்த முனையில் இருந்தாலும் சரி, வண்டி வருவதற்குள் ரிப்போர்ட்டையும் மாத்திரைப் பையையும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.